குளத்தில் பூத்த அத்தி

அக்கா மகளின் தமிழ் நோட்டில் சிவப்பு மையில் ஒரு வட்டம். ஏழாம் வகுப்பு. ‘உவமைத்தொடரைச் சொற்றொடரில் அமைத்து எழுதுக’ என்ற பயிற்சி. அவள் எழுதியிருந்தது இது: “மழை பெய்யாததால் குளத்தில் அத்தி பூத்தாற்போலத் தண்ணீர் இருந்தது.” வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஏன் தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

“சித்தி, அத்தி பூத்தாற்போலன்னா அரிதுன்னுதானே அர்த்தம்? தண்ணி அரிதாத்தானே இருக்கு?”

நான் மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவள். நாள் முழுக்கத் தமிழோடுதான் புழக்கம். ஆனாலும் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “அப்படிச் சொல்ல மாட்டோம்” என்பது மட்டும் நாக்கு நுனியில் நின்றது. அது பதிலே இல்லை என்று எனக்கே தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

முந்தைய பக்கத்தைப் புரட்டினால் பட்டியல். பசுமரத்தாணி போல = எளிதில் பதிதல். இலவு காத்த கிளி போல = ஏமாற்றம். உள்ளங்கை நெல்லிக்கனி போல = தெளிவு. அத்தி பூத்தாற்போல = அரிது. இருபது தொடர், இருபது சமக்குறி. அவள் அந்தச் சமக்குறியை நம்பியிருக்கிறாள். கணக்கில் சமக்குறியின் இருபுறத்தையும் இடம் மாற்றலாம் என்று அதே பள்ளியில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘அரிது’ வரும் இடத்திலெல்லாம் ‘அத்தி பூத்தாற்போல’வைத் தூக்கி வைத்தாள். பிள்ளைமேல் என்ன தப்பு?

சரி, அத்தியையே பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். அத்தி மரத்தில் பூ கண்ணுக்குத் தெரியாது. காய் என்று நாம் நினைக்கும் உருண்டைக்குள்ளேதான் அத்தனை பூவும் இருக்கிறது, பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கில். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அந்த மரம் பூக்காமலே காய்க்கிறது. அதனால் அத்தி பூத்தது என்று யாராவது சொன்னால் ‘என்றைக்கோ ஒருநாள் நடக்கிற விஷயம் இன்று நடந்துவிட்டது’ என்ற வியப்பு அதில் இருக்கிறது. காய்க்குள் பூ என்றதும் அவளுக்கு அத்திமேல் தனி மரியாதையே வந்துவிட்டது. பெருக்கல் குறி பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் விடை சொல்லவில்லை.

விடை மறுநாள் கிடைத்தது, நான் தேடாத இடத்தில். தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே உவமவியல் என ஓர் இயல் உண்டு. அதன் முதல் நூற்பா, உவமை நான்கு வழியில் தோன்றும் என்கிறது: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போல வழங்கும் கை என்றால் பயன். துடி போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம். கல்லூரியில் படித்து, எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்த வரி. எதற்கு ஆகும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது அதை நான்கு கேள்வியாக்கினேன். அது என்ன செய்கிறது? அதனால் என்ன கிடைக்கிறது? எந்த வடிவம்? என்ன நிறம்? ஒவ்வொரு தொடரையும் இந்த நான்கில் எது திறக்கிறது என்று பார்ப்பதுதான் விளையாட்டு. பசுமரத்தாணிக்கு முதல் கேள்வி. ஈரமுள்ள பச்சை மரத்தில் ஆணி சிரமமில்லாமல் இறங்குகிறது. இலவு காத்த கிளிக்கு இரண்டாவது. பழுக்கும் பழுக்கும் என்று கிளி காத்திருக்க, காய் வெடித்துப் பஞ்சாகப் பறக்கிறது, கிடைத்தது ஒன்றுமில்லை. ‘ஏமாற்றம்’ என்று எழுதினால் அந்தக் காத்திருப்பு விட்டுப்போகிறது. நாள்கணக்கில் நம்பிக் காத்திருந்து ஏமாந்தால்தான் இலவு காத்த கிளி. கடைக்குப் போய் நினைத்த பேனா கிடைக்காமல் திரும்பினால் அது வெறும் ஏமாற்றம்.

அத்தி முறை வந்தபோது அவளே சொன்னாள். “பூத்தது. அது வினை. ஏதாவது நடக்கணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “குளத்துல ஒண்ணுமே நடக்கலையே சித்தி, தண்ணி சும்மாத்தானே இருக்கு.” அவ்வளவுதான் விஷயம். அத்தி பூத்தாற்போல வரலாம், சிரிக்கலாம், பேசலாம். அத்தி பூத்தாற்போல இருக்க முடியாது. அது எப்போதாவது நடப்பதைச் சொல்கிறது, கொஞ்சமாக இருப்பதைச் சொல்வதில்லை. ‘அரிது’ என்ற ஒற்றைச் சொல் இரண்டையும் மூடி மறைத்துவிட்டது. வட்டத்துக்குக் கீழே அவள் திருத்தி எழுதிய வாக்கியம்: “எங்கள் கணக்கு சார் இன்று அத்தி பூத்தாற்போலச் சிரித்தார்.” நோட்டை அப்படியே கொடுத்து அனுப்பக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

இதற்கு முந்தைய என் சாதனையையும் சொல்லிவிடுகிறேன். அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது சொல்வளம் பெருக்குகிறேன் என்று கிளம்பி, தினம் பத்துச் சொல் என அட்டையில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். மூன்று வாரம் ஓடியது. இருநூறு சொற்களுக்கு மேல். ‘வேட்கை’ என்றால் என்ன என்று கேட்டால் “விருப்பம்” என்று பட்டென்று வரும். நாலாவது வாரம் ஒரு கடிதப் பயிற்சியில் எழுதினாள்: “எனக்கு நீல நிற மிதிவண்டிதான் வேட்கை.” அன்றைக்கே அட்டைகளைக் கழற்றிவிட்டேன். தாகம், தவிப்பு எல்லாம் உள்ளே இருக்கும் சொல் அது. விருப்பத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறதே தவிர அதே வீட்டில் இல்லை.

படித்தால் தானாக வந்துவிடும் என்பார்கள் சிலர். வரும், ஆனால் மெதுவாக வரும். 1999-இல் இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைப் பற்றிய இருபது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வாசிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் மாணவர்கள் போகிற போக்கில் கற்றுக்கொள்வது சராசரியாக 15 விழுக்காடு என்று வந்தது. நூறு புதுச்சொல்லைக் கடந்து போனால் பதினைந்து ஒட்டுகிறது. நிறையப் படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய சேமிப்பு, சிறுகச் சிறுகச் சேரும். பாடநூல் மட்டுமே படிக்கிற பிள்ளைக்கு யாராவது கை கொடுத்தாக வேண்டும்.

கை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ‘கை’ விழுங்கியது. பெரிய தாளின் நடுவில் ஒரு கையை வரைந்து அதைச் சுற்றி எழுத ஆரம்பித்தோம். கைகொடு, கைவிடு, கைகழுவு, கைகூடு, கைமாறு, கைமாற்று, கைப்பாவை, கைதேர்ந்த, கையும் களவுமாக. செலவு மீறினால் கையைக் கடிக்கும். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். தாள் நிறைந்தபோது அவள் எண்ணினாள், நாற்பத்தொன்று. ஐந்து விரலை வைத்துக்கொண்டு இத்தனை வேலை.

அதில் ‘கை நீட்டு’ மட்டும் அரைமணி நேரம் பிடித்தது. “அவர் யாரிடமும் கை நீட்டியதில்லை” என்றால் உதவி கேட்டதில்லை. “அவர் யார்மேலும் கை நீட்டியதில்லை” என்றால் அடித்ததில்லை. ‘இடம்’ போய் ‘மேல்’ வந்ததும் மனிதரே மாறிவிடுகிறார். “அவனுக்குக் கை நீளம்” என்றால் இன்னொன்று, பொருளை எண்ணி வைக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் நோட்டில் சமக்குறி போட்டுப் பொருள் எழுதிப் பாருங்கள், ‘மேல்’ எங்கே போகும்? சொல்லின் பாதிப் பொருள் அதோடு கூட வரும் சொல்லில்தான் இருக்கிறது. மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, வெயில் அடிக்கிறது, மின்னல் வெட்டுகிறது. வெயில் யாரை அடித்தது, மின்னல் எதை வெட்டியது என்று யாரும் கேட்பதில்லை. அவை ஒருகாலத்தில் யாரோ ஒருவர் புதிதாகச் சொன்னவை, புழங்கிப் புழங்கித் தேய்ந்துவிட்டன.

தேர்வுக்கென்று மனப்பாடம் செய்யும் மரபுச்சொற்களிலும் இது உண்டு. குயில் கூவும், யானை பிளிறும், குதிரை கனைக்கும். பட்டியலோடு விட்டுவிடுகிறோம். தாத்தா பேச்சைத் தொடங்குமுன் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறாரே, அந்தக் கனைப்பும் இந்தக் கனைப்பும் ஒன்றுதான் என்று சொன்னால் பிள்ளை பிறகு மறக்கவே மறக்காது. தாத்தாவின் முன்னால் சிரிக்காமல் இருப்பதுதான் சிரமம்.

அட்டைகள் போன இடத்தில் ஒரு சின்ன நோட்டு வந்தது. வாரத்துக்கு மூன்று சொல், அதற்கு மேல் கூடாது. பொருள் எழுதக் கூடாது, சமக்குறிக்கு அறவே தடை. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், அப்போது முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எழுத வேண்டும். அதிலிருந்து ஒரு பதிவு, அவள் எழுத்திலேயே:

“ஆறப்போடு. அப்பா போன்ல யார்கிட்டயோ. ‘இதை ரெண்டு நாள் ஆறப்போடு, அப்புறம் பேசிக்கலாம்.’ முகம்: நெத்தியத் தேச்சிக்கிட்டார். டவுட்: என்ன சூடா இருந்துச்சு?”

அந்த டவுட் தங்கமான டவுட். வெந்நீர் ஆறும், புண் ஆறும், மனமும் ஆறும். ஆறுதல் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிறகு கோபத்தைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம் என்று பட்டியல் போட்டோம். கோபம் கொதிக்கிறது, பொங்குகிறது, எரிகிறது, அனல் கக்குகிறது, அப்புறம் தணிகிறது. ஒன்றுகூட விடாமல் எல்லாம் அடுப்பங்கரை. தமிழ் பேசுகிற எல்லோர் தலைக்குள்ளும் கோபம் என்பது ஒரு சூடு. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, தேர்விலும் கேட்பதில்லை.

திடீரென்று அவள் எழுந்து உட்கார்ந்தாள். “அப்போ ‘ஆறுவது சினம்’னா இதுவா?” நாலு வயதில் ‘அறம் செய விரும்பு’க்கு அடுத்த வரியாக ஒப்பித்தது. இத்தனை வருடமும் அதை ஏதோ ஆறாம் எண் என்று நினைத்திருந்தாளாம். இரண்டாவது வரியில் ஏன் ஆறு வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லையா என்றேன். “ஒப்பிக்கிறப்ப யாரு சித்தி யோசிப்பாங்க?”

உருவகத்துக்கு வருவோம். பள்ளியில் இதற்கு ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: மலர்முகம் என்றால் உவமைத்தொகை, முகமலர் என்றால் உருவகம், எது முன்னால் வருகிறது என்று பார். விதி சரிதான், மதிப்பெண்ணும் வரும். ஆனால் முகத்தையே மலராக்கிவிடுகிற துணிச்சல் அந்த விதியில் தெரிவதில்லை. அவளுக்கு அது புரிந்தது ‘மொக்கை’யில்.

பள்ளியில் நடந்த ஏதோ ஒரு கூட்டம் “செம மொக்கை” என்றாள். மொக்கை என்றால் என்ன என்று கேட்டேன். போரடிப்பது என்றாள். அதற்கு முன்னால்? தெரியவில்லை. மொக்கை என்றால் கூர் மழுங்கியது, கத்தியைச் சொல்வது. எங்கள் காலத்தில் இதே ஆளை ‘அறுவை’ என்போம், ‘பிளேடு’ என்போம், இன்னும் முற்றினால் ‘ரம்பம்’. நாலும் ஒரே பெட்டியில் கிடக்கும் சாமான்கள். போரடிக்கிற பேச்சு அறுக்கிறது என்று யாரோ ஒருவர் ஒருநாள் நினைத்தார், அதன் பிறகு வந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு ஆயுதத்தைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் கூரான பிளேடும் போர், மழுங்கிய மொக்கையும் போர். மழுங்கிய கத்தியால் அறுத்தால் இன்னும் நேரமாகும் என்று அவள் விளக்கம் சொன்னாள். மறுக்கத் தோன்றவில்லை.

பிள்ளைகளுக்கு உருவகம் வராது, அதைத் தனியாகப் புகட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு வகுப்பு இடைவேளையில் காதைக் கொடுத்துக் கேட்கலாம். பல்பு வாங்குகிறார்கள், கலாய்க்கிறார்கள், வைத்துச் செய்கிறார்கள். ‘உருவகம்’ என்ற பெயர்ச்சீட்டு ஒட்டிய புட்டியில் வந்தால்தான் மருந்தாகிவிடுகிறது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணிகள் மட்டுமே முப்பத்தைந்து சொல்கிறது. அத்தனையின் பெயரும் தெரிந்துகொண்டு ஒன்றையும் ரசிக்காதவர்களை எனக்குத் தெரியும்.

வயதும் ஒரு கணக்கு. அவளுடைய தம்பிக்கு ஆறு வயது. “கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்” என்று அக்கா யாரிடமோ சொல்ல, அவன் அலறிக்கொண்டு ஓடிவந்தான், எரியாதா என்று. 1976-இல் எலன் வின்னர், ஹோவர்ட் கார்ட்னர் உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் பொருள் கேட்டார்கள். சிறையில் பல ஆண்டு வேலை பார்த்த காவலர் அசைக்க முடியாத பாறையாகிவிட்டார், இதுதான் சாரம். சின்னப் பிள்ளைகள், யாரோ மந்திரம் போட்டு அவரைக் கல்லாக்கிவிட்டார்கள் என்ற மாதிரிச் சொன்னார்கள். பத்து வயதை ஒட்டித்தான் மனம் இறுகிவிட்டது என்கிற விளக்கம் நன்றாக வருகிறது. ஆறு வயதுக்காரன் விளக்கெண்ணெய்க்குப் பயந்தால் பதற வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுக்காரியிடம் இன்னும் சமக்குறியையே நீட்டினால்தான் பதற வேண்டும்.

சமக்குறியே போட முடியாத இடமும் ஒன்று உண்டு. குறள் 475. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்.’ அவளிடம் சொற்பொருள் மட்டும் கொடுத்தேன்: பீலி மயிலிறகு, சாகாடு வண்டி, இறும் என்றால் முறியும். மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும். “சரி, அப்புறம்?” என்றாள். அப்புறம் ஒன்றுமில்லை, குறள் முடிந்துவிட்டது. “யாரைச் சொல்றாங்க?” அதைச் சொல்லவே இல்லை. உவமை மட்டும் இருக்கிறது, பொருள் ஆளில்லாத நாற்காலி. இதற்குப் பிறிது மொழிதல் அணி என்று பெயர். அதிகாரம் வலியறிதல் என்பதால் அரசனுக்குச் சொன்னது என்று உரைகள் வழிகாட்டும். நான் அதைச் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். அரைமணி கழித்து அவள் பதில் கொண்டுவந்தாள்: “ஹோம் ஒர்க். ஒவ்வொரு டீச்சரும் கொஞ்சூண்டுதான் குடுக்கிறாங்க.”

இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது.

போன மாதம் ஒருநாள் அக்கா ஊரிலிருந்து போன் செய்தாள். மூச்சு விடாமல் பேசிவிட்டு வைத்துவிட்டாள். என்னவாம் என்று கேட்டேன். “என்னன்னே புரியல. ஒரு பர்சென்ட் சார்ஜ் இருக்கிறப்ப பேசுற மாதிரி பேசினாங்க” என்றாள் மகள். அம்மாவின் போனில் சார்ஜ் நிறைய இருந்ததாம். அவசரம் மட்டும்தான் அப்படி.

நான் குறுந்தொகையை எடுத்துவந்து 131-ஆம் பாட்டைக் காட்டினேன். தலைவி இருக்கும் ஊர் வெகுதூரம். தலைவனின் நெஞ்சு அங்கே போகத் துடிக்கிறது. எப்படித் துடிக்கிறது? மழை பெய்து நிலம் சரியான ஈரத்தில் இருக்கிறது, இவனிடம் இருப்பதோ ஒரே ஓர் ஏர். ஈரம் காய்வதற்குள் முழுவதையும் உழுதாக வேண்டும். ‘ஓரேர் உழவன் போல’ என்று ஒரு வரி. எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. பாட்டைத் தொகுத்தவர்கள் அந்த உவமையையே எடுத்து ஓரேருழவனார் என்று அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மீனெறி தூண்டிலார், செம்புலப்பெயல்நீரார் என்று இப்படி இன்னும் பலர் அதே தொகையில் இருக்கிறார்கள்.

அவள் பாட்டை இரண்டு தடவை படித்தாள். உழவன், ஈரம், ஏர் என்று விரலால் தொட்டுத் தொட்டு ஏதோ கணக்குப் பார்த்தாள். பிறகு சின்ன நோட்டை எடுத்து அன்றைய தேதியைப் போட்டு, தான் சொன்ன வாக்கியத்தை எழுதி, கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் ‘ஒருசதவீதச் சார்ஜனார்’ என்று எழுதினாள். இடையில் ‘ச்’ போட வேண்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டுதான்.